மகசூல் என்னும் சொல்: ஒரு பொருளாய்வு

கோவில்பட்டி, எட்டயபுரம், விளாத்திகுளம் வட்டாரங்களில் தை, மாசி மாதங்களில் உழவர் இருவர் சந்தித்தால், "அண்ணாச்சி, இந்த வருசம் மாசூல் எப்படி?" என்றுதான் பேச்சுத் தொடங்கும். உளுந்தாயினும் கம்பாயினும் பருத்தியாயினும் கேள்வி மாறுவதில்லை. மகசூல் என்பதன் பேச்சு வடிவமே மாசூல். கரிசல் மண்ணில் ஊறிப்போன இச்சொல் அரபு மொழியிலிருந்து வந்தது என்பதைக் கேட்பவரும் எண்ணுவதில்லை. விடை கூறுபவரும் எண்ணுவதில்லை.

அரபியில் இதன் வடிவம் 'மஹ்ஸூல்' என்பதாகும். ஹ, ஸ, ல என்னும் மூன்று மெய்களே இதன் வேர். கிடைத்தல், கைகூடுதல் என்பன வேரின் பொருள்கள். எனவே மஹ்ஸூல் என்பது 'கிடைக்கப் பெற்றது'. இவ்வேரிலிருந்து பிறந்த 'தஹ்ஸீல்' என்னும் சொல்லுக்கு, குர்ஆன் சொற்களுக்கு அகராதி செய்த ராகிப் இஸ்ஃபஹானி தரும் விளக்கம் சுவையானது. உமியை நீக்கி உள்ளீட்டை எடுத்தலே தஹ்ஸீல் என்கிறார் அவர். சுரங்கக் கல்லிலிருந்து பொன்னையும் வைக்கோலிலிருந்து கோதுமையையும் பிரித்தெடுப்பதை உவமை காட்டுகிறார். குர்ஆனின் நூறாவது அத்தியாயத்தில் இவ்வேர்ச்சொல் நெஞ்சில் மறைந்திருப்பது வெளிக்கொணரப்படுதலைக் குறிக்கின்றது. களத்தில் கம்பைத் தூற்றிப் பதரைப் பிரிக்கும் கரிசற்காட்டு உழவர்க்கு இவ்வகராதியாசிரியர் அயலார் அல்லர்.

ஓசை ஒப்புமை கண்டு, வசூலும் மகசூலும் ஒரே வேரின எனச் சிலர் கருதுவர். அது பொருந்தாது. வசூல் 'வுஸூல்' என்பதன் திரிபு. அதன் பொருள் வந்துசேர்தல். வளைகுடா நாட்டு வானூர்தி நிலையங்களில் பயணியர் வருகைப் பகுதிக்கு அரபியில் எழுதியிருப்பது இச்சொல்லே. நம்மிடம் வந்துசேர்வது ஆள் அன்று, பணம்!

இனி, மஹ்ஸூல் பிற மொழிகளில் பெற்ற பொருள்களை நோக்குவோம். இக்கால அரபியில் அது பயிர் விளைச்சல். பாரசீகத்தில் தொழிற்சாலையில் செய்த பொருளும் மஹ்ஸூலே. துருக்கியர் விளைபொருளை 'மஹ்சுல்' என்பர். 'தஹ்சில்' என்றால் அவர்க்குக் கல்வியும் ஆம், பணம் திரட்டுதலும் ஆம். ஒரே வேர்ச்சொல் பாரசீகத்தில் மாணவர் கற்கும் கல்வியையும், நம் நாட்டில் வரி தண்டும் தாசில்தாரையும் தந்திருப்பது வியப்பிற்குரியது.

உருது மொழிக்கு வரும்போது பொருள் திரும்புகிறது. அங்கு மஹ்ஸூல் என்பது பெரும்பாலும் வரி. அஞ்சற் கட்டணத்தையும் 'மஹ்ஸூலே டாக்' என்பர். மராத்தியில் 'மஹசூல்' என்பது அரசின் நிலவருவாய். மகாராட்டிர அரசின் வருவாய்த்துறைக்கே அப்பெயர்தான். குசராத்தியிலும் அவ்வாறே. விதர்ப்பமும் நம்மைப் போலக் கரிசல் நிலமே. அங்கும் பருத்தியே வாழ்வு. ஆயினும் அவ்வூர் உழவர்க்கு இச்சொல் அரசுக்குச் செலுத்துவதைக் குறிக்க, நம் உழவர்க்குத் தம் நிலம் தந்ததைக் குறிக்கின்றது.

இவ்வேறுபாடு எவ்வாறு எழுந்தது? விளைச்சலில் ஒரு பங்கே வரியாக இருந்த காலத்தில், விளைச்சலை அளப்பதே வரி தண்டுவோரின் முதற் பணி. ஆதலால் அளக்கப்பட்டதும் எடுக்கப்பட்டதும் ஒரே பெயர் பெற்றன. ஆற்காட்டு நவாபுகள் காலத்திலும் கும்பினியார் காலத்திலும் இத்தகைய கணக்குச் சொற்கள் பல தமிழில் நிலைபெற்றன. தமிழில் இறை, வரி, தீர்வை என வரிக்குச் சொற்கள் முன்னரே இருந்தன; கிஸ்தியும் வந்து சேர்ந்தது. (நீதி, பங்கு எனப் பொருள்படும் அரபுச் சொல்லான 'கிஸ்த்' இங்கு வரித்தவணை ஆயிற்று, 1799இல் கயத்தாற்றில் கட்டபொம்மன் தூக்கிலிடப்பட்ட வரலாறு அறிந்தோர் இதில் நீதியைத் தேடமாட்டார்.) வரிக்குப் பெயர் மிகுந்திருந்தமையால் மகசூல் விளைச்சலின் பக்கம் தங்கிவிட்டது என்பது என் கருத்து. மலாய் மொழியோ இரண்டையும் விடவில்லை. அதே வேரிலிருந்து சென்ற 'ஹாசில்' அங்கு விளைபயனையும் குறிக்கும். மலேசியாவின் வருமான வரி வாரியத்தின் பெயரிலும் நிற்கும்.

தமிழில் உள்ள அரபுச் சொற்கள் யாவும் பள்ளிவாசல் வழி வந்தன என எண்ணுதல் கூடாது. கடல் வாணிகத்தின் வழி வந்தனவும் உள. மகசூல் போலக் கச்சேரிக் கணக்கின் வழி வந்தனவும் உள.

மகசூல் வந்ததால் தமிழ்ச் சொற்கள் அழிந்துவிடவில்லை. நிலத்தில் நிற்பது விளைச்சல். களத்தில் அடித்துத் தூற்றி அளந்து கண்டது கண்டுமுதல். மானாவாரி நிலத்தில் இவ்விரண்டிற்கும் இடைவெளி பெரிது. நன்கு விளைந்து நிற்கும் உளுந்து அறுவடை நேரத்து மழையில் செடியிலேயே முளைத்துவிட்டால், விளைச்சல் உண்டு, கண்டுமுதல் இல்லை.

இன்று மகசூலுக்கு மற்றொரு பொருளும் சேர்ந்துள்ளது. 2016இல் தொடங்கிய பிரதமர் பயிர்க் காப்பீட்டுத் திட்டத்தில், பரவலான இழப்பு தனி ஒருவர் நிலத்தைக் கொண்டு கணிக்கப்படுவதில்லை. கிராமம் அல்லது பிர்க்கா அளவில் சில நிலங்களில் பயிர் அறுவடைப் பரிசோதனை செய்து, கிடைத்த சராசரியை முந்தைய ஆண்டுகளின் அடிப்படையில் வகுத்த வரம்போடு ஒப்பிடுவர். (பிர்க்காவும் அரபே, பிரிவு என்பது அதன் பொருள்.) கரிசலில் ஒரு காட்டில் பெய்யும் மழை அடுத்த காட்டில் பெய்வதில்லை. "எனக்கு மாசூலே இல்லை" என உழவர் கூறுவதும் மெய். பிர்க்காவின் மகசூல் வரம்பிற்குக் குறையவில்லை என அலுவலர் கூறுவதும் மெய். உழவர் குறைதீர்க்கும் நாளில் பெற்றோர்க்காக மனு எழுதித் தரும் மாணவர்கள், 'மகசூல் இல்லை' என்று மட்டும் எழுதாது, இன்ன புல எண்ணில், இத்தனை ஏக்கரில், கண்டுமுதல் இத்தனை கிலோ என அளவோடு எழுதுவாராக.