மச்சு பிச்சு: வாசல் வரை போனால் போதுமா?

பெரு நாட்டின் பழைய இன்கா மலை நகரமான மச்சு பிச்சுவைப் பற்றிப் பயணக்காரர்களிடையே சில நம்பிக்கைகள் ஊறிப்போயிருக்கின்றன. அவற்றை நம்பிப் பாதி உலகைச் சுற்றி வருபவர், மலை உச்சியின் வாசலைத் தொட்டுவிட்டு வெறுங்கையோடு திரும்ப நேரலாம்.

‘வாசலில் டிக்கெட் வாங்கிக்கொள்ளலாம்’ என்பது முதல் நம்பிக்கை. வாசலில் டிக்கெட் விற்பனையே இல்லை. அரசின் இணையதளத்தில் முன்கூட்டியே வாங்க வேண்டும். தவறினால், மலையடிவார ஊரான அகுவாஸ் காலியென்டெஸில் தினமும் 1,000 டிக்கெட் வரை நேரில் விற்கிறார்கள். ஆனால் அங்கே வாங்குவது பெரும்பாலும் மறுநாளைக்கு. ஒரு இரவுத் தங்கல் கூடிவிடும். டிக்கெட்டில் உள்ள பெயரும் எண்ணும் பாஸ்போர்ட்டோடு பொருந்த வேண்டும். இனிஷியல் போட்டே பழகிய தமிழர்கள் இதில் கூடுதல் கவனம் வைப்பது நல்லது: பாஸ்போர்ட்டில் அப்பா பெயர் எப்படி விரிந்திருக்கிறதோ அப்படியே பதிய வேண்டும்.

‘உள்ளே போய்விட்டால் நாள் முழுக்கச் சுற்றலாம்’ என்பது அடுத்தது. ஒரு காலத்தில் அது உண்மை. 2017 ஜூலையில் காலை, பிற்பகல் என இரண்டு வேளையாகப் பிரித்தார்கள். 2019-இல் மணிவாரியாக நேரம் குறித்த டிக்கெட் வந்தது. 2024 ஜூன் முதல் 3 சுற்றுகள், அவற்றுக்குள் 10 பாதைகள். சில பாதைகள் கூட்டம் மிகுந்த மாதங்களில் மட்டுமே திறக்கும். எந்தப் பாதைக்குப் பணம் கட்டினாரோ அதில்தான் ஒருவர் நடக்க முடியும். பின்னால் திரும்பி நடக்கக் கூடாது, வெளியே வந்தால் மறுபடி நுழைய முடியாது. கழிப்பறை வாசலுக்கு வெளியேதான் இருக்கிறது. முதியவர்களையும் குழந்தைகளையும் அழைத்துப் போகிறவர்கள் இதை முதலிலேயே யோசிக்க வேண்டும்.

நாட்காட்டிகளில் பார்த்துப் பழகிய அந்தக் காட்சி, நகரம் முழுவதும் விரிந்து பின்னால் வைனா பிச்சு சிகரம் நிற்பது, மேல் அடுக்குகளிலிருந்து தெரிவது. முதல் சுற்று அங்கே கொண்டுபோகும், ஆனால் நகருக்குள் விடாது. மூன்றாவது சுற்று தாழ்வான பகுதி வழியே போகும். காட்சியும் வேண்டும், நகருக்குள்ளும் நடக்க வேண்டும் என்றால் இரண்டாவது சுற்றுதான்.

‘கல் கட்டடம்தானே, நடந்தால் தேய்ந்தா போகும்?’ இந்த நம்பிக்கைதான் மிகத் தவறானது. கி.பி. 1450-ஐ ஒட்டி, இன்கா மன்னர் பச்சாகுட்டி காலத்தில் எழுந்த இந்நகரில் வாழ்ந்தவர்கள் சுமார் 750 பேர் என்று ஆய்வாளர்கள் கணிக்கிறார்கள். இங்கே ஆண்டுக்கு 2,000 மி.மீ. அளவுக்கு மழை கொட்டுகிறது. அத்தனை நீரையும் வடித்துவிட, படிக்கட்டு வயல்களுக்குள் கீழிருந்து மேலாகப் பெருங்கல், சரளை, மணல், வளமண் என்று அடுக்கினார்கள்; சுவர்களிலும் தளங்களிலும் நூற்றுக்கு மேற்பட்ட வடிகால் துளைகள் வைத்தார்கள். நீரியல் பொறியாளர் கென்னத் ரைட், நகருக்கான கட்டுமான உழைப்பில் சுமார் 60 சதவீதம் மண்ணுக்கு அடியில்தான் என்று மதிப்பிட்டார். பார்வையாளர் கண்ணில் படுவது மீதிதான். ஆயிரக்கணக்கான கால்கள் ஒரே இடத்தை மிதித்தால் மண் இறுகும், நீர் இறங்காது, சுவர் நகரும்.

2024 முதல் நாளொன்றுக்கு 4,500 பேர், கூட்ட நாட்களில் 5,600 பேர் அனுமதிக்கப்படுகிறார்கள். விதி கடுமை என்று குறைப்படுகிறவர்கள் இந்த எண்ணைத்தான் முதலில் பார்க்க வேண்டும். அன்று குடியிருந்தவர்களைப் போல ஆறேழு மடங்கு பேர் தினமும் ஏறுகிறார்கள். இது கெடுபிடி அல்ல, தாராளம். அளவுக்கு மீறிய தாராளம்.

பிப்ரவரியில் மச்சு பிச்சு மூடியிருக்கும் என்பதும் தவறு. அந்த மாதம் பராமரிப்புக்காக மூடப்படுவது, நகருக்கு நடந்தே வரும் இன்கா நடைபாதை மட்டும். அதற்கு நாளுக்கு 500 பேர்தான் வரம்பு; வழிகாட்டிகளும் சுமைதூக்குவோரும் அந்தக் கணக்கில் அடக்கம்.

உலோக முனைக் கைத்தடி, ட்ரோன், பெரிய பை ஆகியவற்றுக்கு உள்ளே தடை. இந்தத் தடைகள் வெறும் சம்பிரதாயம் என்று நினைப்பவர்களுக்கு இன்டிவதானா கல்லின் கதை போதும். சூரியனோடு தொடர்புடைய இந்தச் செதுக்குக் கல் ஐந்நூறு ஆண்டு மழையையும் நிலநடுக்கத்தையும் தாங்கி நின்றது. 2000 செப்டம்பரில் ஒரு பீர் விளம்பரப் படப்பிடிப்பில் கிரேன் சாய்ந்து அதன் விளிம்பு உடைந்தது.

பெருவுக்குக் கிளம்ப நினைப்பவர்கள் விமான டிக்கெட் எடுக்கும் முன்பே எந்தச் சுற்று, எந்த மணி என்று பார்த்துப் பதிவு செய்துவிடுங்கள்.