ஐந்நூறு ரூபாய்தானே என்று கட்டிவிடாதே

கருங்கல்

அன்புள்ள மருமகளுக்கு,

நீ அனுப்பிய சலானையும் மூன்று படங்களையும் உன் அத்தையின் போனில் பெரிதாக்கிப் பார்த்தேன். மருந்துக் கடை முன்னால் உன் ஸ்கூட்டர். பக்கத்தில் இரும்புத் தூண். தூணின் மேல்பாதியை மறைத்து ஒரு கல்யாண ஃபிளெக்ஸ். மாப்பிள்ளையின் தோளுக்குப் பின்னால் ஒரு சிவப்பு வட்டத்தின் ஓரம் எட்டிப் பார்க்கிறது. “அங்கே நோ பார்க்கிங் போர்டு இருந்ததே தெரியாது மாமா, ஆனா 500 ரூபாய்தானே, கட்டிட்டு விட்டுடவா?” என்று கேட்டிருக்கிறாய். கட்டாதே மக்களே. இப்போதைக்குக் கட்டாதே. ஏன் என்றும், அதற்குப் பதிலாக என்ன செய்ய வேண்டும் என்றும் சொல்கிறேன். நீ வண்டி நிறுத்திய ஊரின் பெயரை வேண்டுமென்றே எழுதவில்லை. இந்தக் கடிதம் உன் அம்மா கைக்குப் போனால் ஞாயிற்றுக்கிழமைக்குள் சபை முழுக்கப் போய்விடும் என்பது எனக்குத் தெரியும்.

முதலில் அது உண்மையான சலான்தானா என்று பார்த்துக்கொள். எஸ்.எம்.எஸ்.ஸில் வந்த லிங்கைத் தொடாதே. வாட்ஸ்அப்பில் ‘ஆர்.டி.ஓ. சலான்’ என்று ஒரு ஏ.பி.கே. ஃபைலை அனுப்பி, அதைத் திறந்தவர்களின் வங்கிக் கணக்கைத் துடைத்தெடுக்கும் கூட்டம் ஒன்று இருக்கிறது. பரிவாஹன் இ-சலான் தளத்துக்கு நீயே போய் வண்டி எண்ணைக் கொடு. அங்கே இருந்தால்தான் அது சலான்.

இனி அந்த 500 ரூபாயைப் பற்றி. சலானில் 177-ஆம் பிரிவு என்று போட்டிருக்கிறது. மோட்டார் வாகனச் சட்டத்தில் தனியாகத் தண்டனை சொல்லாத சில்லறைக் குற்றங்கள் எல்லாம் வந்து விழுகிற இடம் அது. 2019 திருத்தத்துக்கு முன்னால் முதல் தடவைக்கு 100 ரூபாய், இப்போது 500. இரண்டாம் தடவையிலிருந்து 1,500. தமிழ்நாட்டில் 2022 அக்டோபரில் அபராதங்களை உயர்த்தியபோது நோ பார்க்கிங்குக்கும் இந்தக் கணக்குதான் வந்தது. செய்யாத தப்புக்கு இன்று பேசாமல் 500 கட்டினால், நாளை வேறெங்கோ நிறுத்தும்போது உன் வண்டி எண்ணை அடிக்கிற போலீஸ்காரரின் கருவி பழையதைக் காட்டும். அப்போது உன்னிடம் 1,500 கேட்க நீயே வழி செய்து கொடுத்தவளாவாய்.

இன்னொரு விஷயம், இதை யாரும் சொல்ல மாட்டார்கள். முதல் குற்றத்துக்கு 500 ரூபாய் ‘வரை’ என்றுதான் சட்டம் சொல்கிறது. எதிர்த்து வழக்காடித் தோற்றாலும் நடுவர் அதற்கு மேல் விதிக்க முடியாது. சண்டை போட்டால் அபராதம் கூடிவிடும் என்று உன் அலுவலகத்தில் யாரோ பயமுறுத்தியதாக எழுதியிருந்தாயே, அந்தப் பயம் வேண்டாம். போனால் உன் நேரம்தான் போகும்.

ஆனால் எதிர்ப்பதற்கு முன்னால், நீ சொல்வது நியாயம்தானா என்று பார்க்க வேண்டும். மாஜிஸ்திரேட் கோர்ட்டில் பெஞ்ச் கிளார்க்காக உட்கார்ந்து பெட்டி கேஸ் கட்டுகளைப் புரட்டி ரிட்டயர் ஆனவன் நான். “எல்லாரும்தான் நிறுத்தியிருந்தாங்க, என்னை மட்டும் ஏன்?” என்று கேட்டு ஒருவர்கூடத் தப்பித்து நான் பார்த்ததில்லை. “ரெண்டே நிமிஷம்தான் சார்” என்பதற்கும் அதே கதி. பக்கத்து வண்டிக்கு அபராதம் போடாதது அந்த வண்டிக்காரனின் அதிர்ஷ்டம். அது உனக்கு வாதமாகாது. இந்த இரண்டையும் உன் எழுத்திலிருந்து அடித்துவிடு.

போர்டு தெரியவில்லை என்பது நல்ல வாதம். ஆனால் போர்டே இல்லாவிட்டாலும் நிறுத்தக் கூடாத இடங்கள் உண்டு. 2017-இல் வந்த மோட்டார் வாகன ஓட்டுதல் ஒழுங்குமுறைகள் என்று ஒன்று இருக்கிறது. நடைபாதை மேல், பாலத்தின் மேல், வளைவுக்கு அருகில், அடுத்தவர் வாசலை மறித்து நிறுத்தக் கூடாது என்று அதில் சொல்லியிருக்கிறது. சாலைச் சந்திப்பின் விளிம்பிலிருந்து 50 மீட்டருக்குள்ளும் கூடாது. இந்த 50 மீட்டர் பெரிய தொல்லை. நம்ம கருங்கல் ஜங்ஷனில் அந்தக் கணக்கை வைத்துப் பார்த்தால் பேக்கரி முதல் பழக்கடை வரை ஒரு பைக் நிற்க முடியாது. மார்த்தாண்டம் பஸ்ஸும் திங்கள்நகர் பஸ்ஸும் எதிரெதிரே வந்து மாட்டிக்கொள்ளும்போது, அந்த விதியை எழுதியவர்கள் சும்மா எழுதவில்லை என்றும் தோன்றுகிறது. அது இருக்கட்டும். நீ போய் அந்த மருந்துக் கடையிலிருந்து சந்திப்பு வரை அளந்து பார். தையல்காரர் டேப் போதாது. கொத்தனார் வைத்திருக்கிற நீள டேப்பை யாரிடமாவது வாங்கிக்கொள். 50-க்குள் வந்தால், போர்டு மறைந்திருந்தாலும் உன் வாதத்துக்குக் கால் போய்விடும். அப்படியானால் கட்டிவிட்டு வேலையைப் பார். வெளியே வந்தால், அந்த அளவு உன் கடிதத்தில் முதல் ஆயுதம்.

படத்தைப் பார்த்தால் 50-க்கு வெளியே என்றுதான் எனக்குத் தோன்றுகிறது. அப்படி இருந்தால் மிச்சம் இருப்பது அந்த போர்டு மட்டும். சாலையில் ஒரு பலகையை யார் வேண்டுமானாலும் நட்டுவிட முடியாது. அடையாளப் பலகை வைக்கிற அதிகாரத்தை மோட்டார் வாகனச் சட்டத்தின் 116-ஆம் பிரிவு மாநில அரசுக்கும் அது அதிகாரம் கொடுத்தவர்களுக்கும் தருகிறது. எங்கே நிறுத்தலாம் என்பதை உள்ளாட்சியோடு கலந்து முடிவு செய்ய வேண்டும் என்பது 117. ஆக அந்தத் தூணுக்குப் பின்னால் ஏதோ ஓர் அலுவலகத்தில் ஓர் உத்தரவு இருக்க வேண்டும். இருக்கிறதா என்று கேள். தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில் ஒரு மனு, 10 ரூபாய்க்குக் கோர்ட் ஃபீ ஸ்டாம்ப் ஒட்டி, மாவட்டக் காவல் அலுவலகப் பொதுத் தகவல் அலுவலருக்கு. இதேபோல் இன்னொன்று அந்த ஊர் உள்ளாட்சி அலுவலகத்துக்கு. “இந்தச் சாலையில் இந்த இடத்தை நிறுத்தத் தடை செய்த உத்தரவின் நகல் வேண்டும், பலகை வைத்த தேதி வேண்டும்” என்ற இரண்டு வரி போதும். 30 நாளுக்குள் பதில் தர வேண்டும். உத்தரவு இல்லை என்று பதில் வந்தால் உனக்குக் கொண்டாட்டம். இருக்கிறது என்று வந்தாலும் நஷ்டமில்லை, ஃபிளெக்ஸ் அப்படியேதான் இருக்கிறது.

ஃபிளெக்ஸ் என்றதும் எனக்குக் கோபம் வருகிறது. 2019 செப்டம்பரில் சென்னை பள்ளிக்கரணையில் பேனர் சரிந்து விழுந்து, ஸ்கூட்டரில் போன ஓர் இளம் பெண் பொறியாளர் லாரியில் அடிபட்டு இறந்தார். அதுவும் ஒரு கல்யாண பேனர்தான். உயர் நீதிமன்றம் அன்று எவ்வளவு கடுமையாகக் கேட்டது! நம்ம ஊரில் இன்னும் காதுகுத்துக்கும் ஃபிளெக்ஸ், கண்ணீர் அஞ்சலிக்கும் ஃபிளெக்ஸ். போக்குவரத்துப் பலகையை மறைத்துக் கட்டியவரிடம் யாரும் ஒரு ரூபாய் கேட்கவில்லை. அதைப் பார்க்க முடியாமல் வண்டியை நிறுத்தியவளுக்கு 500. ஆனால் இதை உன் மனுவில் எழுதாதே. எனக்கு எழுதலாம்.

சாட்சி விஷயத்தில் நீ உன்னை அறியாமலே நன்றாகச் செய்திருக்கிறாய். அன்று மாலையே படம் எடுத்துவிட்டாய். அந்தப் படங்களை போனிலிருந்து அழிக்காதே. எனக்கு வாட்ஸ்அப்பில் அனுப்பியது சுருங்கிய நகல். எடுத்த நேரமும் இடமும் அதில் கூடவே வருவதில்லை. மூலப் படம் உன் போனில்தான் இருக்கிறது. பழைய சாட்சியச் சட்டம் போய் 2024 ஜூலை முதல் புதியது வந்துவிட்டது. மின்னணுப் பதிவைக் கோர்ட்டில் வைக்கும்போது அதோடு ஒரு சான்றும் வைக்க வேண்டும் என்பது மட்டும் மாறவில்லை, இப்போது அது 63-ஆம் பிரிவு. பிறகு, அந்த ஃபிளெக்ஸிலேயே கல்யாணத் தேதி அச்சாகியிருக்கிறதே, பார்த்தாயா? அந்த நாட்களில் பேனர் அங்கே இருந்தது என்பதற்கு மாப்பிள்ளையும் பெண்ணுமே சாட்சி. உன் அம்மாவுக்கு மாத்திரை வாங்கிய பில்லில் நேரம் இருக்கும், அதையும் எடுத்து வை. எல்லாவற்றையும் விட, சலானோடு போலீஸ்காரர்களே ஏற்றியிருக்கிற படத்தைப் பார். வண்டி எண் பளிச்சென்று தெரிகிறது. போர்டு தெரியவில்லை. அவர்கள் படமே உன் கட்சி பேசுகிறது.

இனி மனு. இ-சலான் தளத்திலேயே புகார் பதிகிற இடம் இருக்கிறது. அங்கே போடு, அதே வாசகத்தை மாவட்டக் காவல் கண்காணிப்பாளர் அலுவலகத்துக்கு ஸ்பீட் போஸ்டிலும் அனுப்பு. நீ எழுதி அனுப்பிய வரைவு மூன்று பக்கம். அதில் இரண்டரைப் பக்கம், சலான் போட்ட எஸ்.ஐ. உன்னிடம் பேசிய விதம். அவர் மரியாதையில்லாமல் பேசியிருந்தால் அது தனிப் புகார், தனித் தாள். இதில் கலந்தால் படிக்கிறவர் அதைப் பிடித்துக்கொண்டு போர்டை விட்டுவிடுவார். இப்படி எழுது:

“என் வாகனம் இந்தத் தேதியில், இந்த நேரத்தில், இந்தச் சாலையில் மருந்துக் கடை முன்பு நிறுத்தப்பட்டிருந்தது உண்மை. அங்கே உள்ள ‘நிறுத்தக் கூடாது’ பலகையின் பெரும்பகுதி ஒரு விளம்பரப் பேனரால் மறைக்கப்பட்டிருந்தது. அன்று மாலை நான் எடுத்த மூன்று படங்களை இணைத்துள்ளேன். சலானில் உள்ள படத்திலும் பலகை காணப்படவில்லை. இந்த இடம் சாலைச் சந்திப்பிலிருந்து இத்தனை மீட்டர் தொலைவில் உள்ளது. வாகனம் நடைபாதையிலோ எவருடைய வாசலையும் மறித்தோ நிற்கவில்லை. ஆகவே சலானை ரத்து செய்யக் கேட்டுக்கொள்கிறேன்.”

‘முழுவதும் மறைக்கப்பட்டிருந்தது’ என்று நீ எழுதியிருந்தாய். அதைத்தான் ‘பெரும்பகுதி’ என்று மாற்றியிருக்கிறேன். உன் படத்திலேயே வட்டத்தின் ஓரம் தெரிகிறது. ஒரு வார்த்தையை அவர்கள் பொய் என்று காட்டிவிட்டால் மற்ற ஒன்பது உண்மைகளையும் யாரும் படிக்க மாட்டார்கள்.

உன் அப்பா, தெரிந்த கட்சிக்காரர் ஒருவரிடம் சொல்லிப் பார்க்கலாம் என்றாராமே. வேண்டாம். பேப்பர் ரசீதுப் புத்தகம் இருந்த காலத்தில் அது நடந்தது என்று எனக்கும் தெரியும். இப்போது சலான் கருவியில் ஏறிய நொடியில் டெல்லி வரை போய்விடுகிறது. “பார்க்கிறேன் அண்ணாச்சி” என்பார், ஒன்றும் நடக்காது. அடுத்த தேர்தலில் அதைச் சொல்லிக் காட்டி உன் அப்பாவை வண்டியில் ஏற்றிக்கொண்டு போவார். நியாயம் உன் பக்கம் இருக்கும்போது சிபாரிசு எதற்கு?

மனுவை நிராகரித்தால்? நிராகரிக்கலாம். அபராதம் போட்ட துறையேதான் உன் புகாரையும் பார்க்கிறது. நம்ம முறையில் பெரிய ஓட்டை அது. உன் அத்தையின் அண்ணன் மகன் இங்கிலாந்தில் நர்ஸாக இருக்கிறானே, அங்கே நோ பார்க்கிங் அபராதம் போடுவது கவுன்சில், நம்ம பேரூராட்சி மாதிரி. பெரும்பாலும் அது குற்ற வழக்கே அல்ல. 14 நாளுக்குள் கட்டினால் பாதி என்று ஆசை காட்டுவார்கள், நிறையப் பேர் அந்த ஆசையில் கட்டிவிடுகிறார்கள். கட்டாமல் எதிர்த்து, கவுன்சில் மறுத்தாலும், கவுன்சிலுக்குச் சம்பந்தமில்லாத தீர்ப்பாயம் ஒன்று இருக்கிறது. லண்டனுக்கு ஒன்று, மற்ற ஊர்களுக்கு ஒன்று. கட்டணம் கிடையாது, போனிலோ எழுத்திலோ விசாரித்துவிடுவார்கள். நமக்கு அந்த நடு வாசல் இல்லை. நேராக மாஜிஸ்திரேட்தான்.

கட்டாத சலான் மெய்நிகர் நீதிமன்றத்துக்குப் போகும். 2019 ஜூலையில் டெல்லியில் ஆரம்பித்தது, தமிழ்நாட்டுக்கும் வந்துவிட்டது. அந்தத் தளத்தில் அபராதம் கட்டுகிறேன் என்று ஒன்று, வழக்காடுகிறேன் என்று ஒன்று, இரண்டு வழிதான். வழக்காடுகிறேன் என்பதை அழுத்தினால் அது அந்தப் பகுதி நீதிமன்றத்துக்கு மாறும். சம்மன் வந்தால் போய், “குற்றத்தை ஒப்புக்கொள்ளவில்லை” என்று சொல்லி இந்தக் காகிதங்களைக் கொடு. வக்கீல் வேண்டும் என்று தோன்றினால் காசு செலவழிக்காதே. பெண்களுக்கு வருமானம் பார்க்காமலே இலவசச் சட்ட உதவி உண்டு, 1987-ஆம் ஆண்டின் சட்டப் பணிகள் ஆணைக்குழுச் சட்டத்திலேயே இருக்கிறது. நாகர்கோவில் கோர்ட் வளாகத்தில் மாவட்ட சட்டப் பணிகள் ஆணைக்குழு இருக்கிறது. இல்லையென்றால் 15100-க்குப் போன் செய். அபராதம் மட்டுமே தண்டனையாக உள்ள குற்றத்துக்கு ஆறு மாதத்துக்குள் வழக்குப் பதிய வேண்டும் என்றொரு காலவரம்பும் உண்டு. அதை நம்பிச் சும்மா இருந்துவிடாதே. சலான் தளத்தில் நிலுவையாகக் கிடந்தால் வண்டியை விற்கப் போகும் நாளில் குறுக்கே வந்து நிற்கும்.

வாய்தா ஒன்றோடு முடியும் என்று என்னால் வாக்குக் கொடுக்க முடியாது. எஸ்.ஐ. வரவில்லை என்று தள்ளிப்போகும், நடுவர் லீவு என்று தள்ளிப்போகும். கூலி வேலைக்காரர்கள் தங்கள் மேல் தப்பில்லாமலே ‘ஒப்புக்கொள்கிறேன்’ என்று சொல்லிக் கட்டிவிட்டுப் போவதை நான் தினமும் பார்த்திருக்கிறேன். ஒரு நாள் சம்பளம் அபராதத்தை விடப் பெரிது. அவர்களை நான் குறை சொல்ல மாட்டேன். உனக்கு மாதச் சம்பளம், எடுக்காத கேஷுவல் லீவு இருக்கிறது, கையில் படமும் இருக்கிறது. நீயும் கட்டிவிட்டால் அந்தத் தூணை யார்தான் கேள்வி கேட்பது?

நாளைக்கே போய் அளந்துவிடு. ஃபிளெக்ஸ் இன்னும் கழற்றாமல் இருந்தால் சந்திப்புப் பக்கமிருந்து வரும்போது வண்டிக்காரர் கண்ணுக்கு எப்படித் தெரியும் என்று ஒரு படம் எடு. நீ எடுத்தவை மூன்றும் பக்கவாட்டில்தான் இருக்கின்றன. மனுவைத் தளத்தில் ஏற்றுவதற்கு முன்னால் எனக்கு அனுப்பு, இரவு ஒன்பது மணிக்குள் என்றால் அன்றே பார்த்துவிடுவேன்.

அன்புடன்,
உன் மாமா