கருங்கோழியின் வெண்குஞ்சு

உலர்த்திய உணவைக் கொத்த வந்த கோழியைத் தன் பொற்குழையைக் கழற்றி எறிந்து ஓட்டும் கடற்கரை நகரத்துப் பெண்ணைப் பட்டினப்பாலை காட்டுகின்றது. அக்கோழியின் நிறம் யாது என வகுப்பில் ஒரு மாணவர் வினவினார். புலவர் அதனைக் கூறவில்லை. ஆயினும் அவ்வினா, மரக்காணத்து உப்பளத் தொழிலாளர் குடியிருப்பில் நான் கண்ட வழக்கொன்றை நினைவூட்டிற்று.

ஆங்கு ஒரு மூதாட்டி, ஒரே அடையிற் பொரித்த கருஞ்சேவலையும் கரும்பெட்டையையும் வளர்த்து வந்தார். மழைக்காலத்தில் பாத்தி வேலை நின்றபின் கோழியே அவர்தம் கைப்பொருள். அப்பெட்டை பொரித்த எட்டுக் குஞ்சுகளில் இரண்டு வெள்ளை. அண்டை வீட்டில் வெள்ளை லெகான் சேவல் ஒன்று இருந்தது. "அவை என் சேவலின் வித்து, எனக்கே உரியவை" என்றார் அதன் உடையவர்.

கோழியின் வெண்மை ஒரு வகையன்று. லெகானின் வெண்மை ஓங்கு பண்பு. பெற்றோருள் ஒருவரிடமிருந்து வந்தாலே கருநிறத்தை அடக்கிவிடும். மற்றொரு வெண்மை ஒடுங்கு பண்பு. தாய், தந்தை இருவரிடமிருந்தும் வந்தாலன்றி வெளிப்படாது. ஒருபுறமிருந்து மட்டும் பெற்ற கோழி முற்றும் கறுப்பாகவே தோன்றும். அத்தகைய இரண்டு இணையின் குஞ்சுகளில் நான்கில் ஒரு பங்கு வெள்ளை. இரு பங்கு வெண்மையை மறைவிற் சுமக்கும் கறுப்பு. எஞ்சிய ஒரு பங்கே கலப்பற்ற கறுப்பு. எட்டில் இரண்டு என்பது இக்கணக்கோடு பொருந்துகின்றது. எனினும் பொருத்தம் சான்றாகாது. பெட்டை இரு சேவல்களோடும் கூடியிருக்கலாம் அன்றோ?

விலங்கியல் துறை நண்பர் வழி கூறினார். வெண்குஞ்சுகளுள் பெட்டையைப் பருவமடையுமுன் கூண்டிலடைத்து, வேற்றூர்க் கருஞ்சேவல் ஒன்றோடு மட்டும் சேர்த்தனர். லெகான் வழி வெண்மையாயின் குஞ்சுகளிற் பாதியளவு வெள்ளையாதல் வேண்டும். பொரித்தவை ஒன்பது, ஒன்பதும் கறுப்பு. ஓங்கு வெண்மையாயின் இவ்வாறு அமைய 512இல் ஒரு வாய்ப்பே உண்டு. அண்டை வீட்டார் பேச்சை விட்டுவிட்டார்.

மெண்டல் 1866இல் பட்டாணிச் செடி கொண்டு வெளியிட்ட விதி விலங்குகட்கும் பொருந்தும் என வில்லியம் பேட்சன் 1902இல் காட்டியதும் கோழிகளைக் கொண்டே என்பது ஈண்டு நினையத்தக்கது.

தமிழ் மாணவர்க்கு இம்மறைவு புதிதன்று. 'பொற்குடம்' என்னும் தொகையில் உருபும் பயனும் மறைந்து நிற்கின்றன, அழிந்தில. விரிக்குங்கால் வெளிவரும். ஒப்புமை முழுமையன்று. தொகையில் மறைந்தது பொருள் தருகின்றது. ஒடுங்கிய மரபணுவோ கருங்கோழியின் தோற்றத்தில் தன் இருப்பைக் காட்டுவதே இல்லை. ஆதலின், வெண்குஞ்சுகளை அறுத்துவிட்டால் இனம் தூய்மையுறும் என்பது பிழை. அவற்றின் கறுப்பு உடன்பிறப்புகளில் மூன்றில் இரண்டு பங்கு அதனைத் தாங்கியே நிற்கும்.

நிறமியை உண்டாக்கும் டைரோசினேஸ் என்னும் நொதிக்குரிய மரபணுவினுள், வைரஸ் வழிவந்த துண்டொன்று செருகியிருப்பதே இவ்வொடுங்கு வெண்மைக்குக் காரணம் என 2006இல் வெளிவந்த ஆய்வு காட்டிற்று. மனிதரிடத்து அதே மரபணு இருபுறமும் பழுதுறின், தோலும் முடியும் நிறமற்ற மகவு பிறக்கும். பெற்றோர் இருவரும் கருநிறத்தவராயினும் அஃது இயல்வதே. அம்மகவைக் கண்டு தாயின் ஒழுக்கத்தை ஐயுறும் பேச்சை நான் செவியுற்றதுண்டு. கோழி வழக்கிலாவது குஞ்சுகள்தாம் பறிபோகும். இங்கோ ஒரு பெண்ணின் வாழ்வே பறிபோகின்றது.

மூதாட்டியின் கோழிகள் உடன்பிறந்தவை. ஆதலின் மறைந்தவை இரண்டும் எளிதிற் சந்தித்தன. மாமன் மகள், அத்தை மகன் ஆகியோர் மரபணுக்களில் எட்டில் ஒரு பங்கு பொதுவாக அமையும். குடும்பத்தில் இத்தகைய குறை முன்னர்த் தோன்றியிருப்பின், உறவில் மணம் பேசுமுன் பெரியோர் மருத்துவரைக் கலந்துகொள்வது நலம்.

ஒன்பது கருங்குஞ்சுகளும் தாயின் வெண்மையைச் சுமப்பவை, அவற்றைத் தமக்குள் இணையவிடின் மீண்டும் வெண்குஞ்சு வரும் என மூதாட்டியிடம் கூறினேன்.

"வரட்டுமே, தம்பி. உப்புக் குவியலண்டை வெள்ளைக் கோழி நின்றால் பருந்துக்குத் தெரியாது" என்றார்.