ஆறில்லா ஊரிலிருந்து கடலுக்குப் போகும் உரம்

யாழ்ப்பாணத்துக் கீரிமலைக் கேணியில் குளித்தவர்களுக்கு இது புதிதல்ல. சுவருக்கு அந்தப் பக்கம் உப்பு அலை அடிக்கும். இந்தப் பக்கம் பாறை வெடிப்பிலிருந்து குளிர்ந்த நிலத்தடி நீர் ஊறிக்கொண்டே இருக்கும். ஆடி அமாவாசைக்கு முங்கி எழுபவர்கள், அந்த நீர் எங்கே பெய்த மழை என்று யோசிப்பது குறைவு.

நம்பிக்கை: யாழ்ப்பாணத்தில் ஆறு ஏது? தோட்டத்து உரம் கடலுக்குப் போக வழியே இல்லை.

ஆறு இல்லை என்பது ஏறக்குறைய சரி. மாரியில் மட்டும் ஓடும் வழுக்கையாற்றை விட்டால் சொல்லும்படி ஒன்றுமில்லை. வழி இல்லை என்பதுதான் பிழை. குடாநாட்டின் அடியில் இருப்பது சுண்ணாம்புக்கல். பொந்தும் வெடிப்புமான பாறை. மாரி மழை அதற்குள் இறங்கி, கனமான உப்புநீரின் மேல் ஒரு வில்லையைப் போல மிதக்கிறது. புத்தூர் நிலாவரைக் கிணற்றில் மேலே நன்னீரும் ஆழத்தில் உப்புநீருமாக இருப்பது இதனால்தான். கடல்மட்டத்துக்கு மேல் ஒரு மீட்டர் நன்னீர் நின்றால், கீழே ஏறக்குறைய 40 மீட்டர் வரை உப்புநீரைத் தள்ளி வைத்திருக்கும் என்பது பழைய கணக்கு. அந்த உயரம்தான் நீரை நாலாபக்கமும் கடலை நோக்கித் தள்ளுகிறது. கிணறு உப்பாகிவிட்டது என்று கடல் உள்ளே வருவதைப் பற்றி எல்லோரும் பேசுகிறோம். நிலத்தடி நீர் வெளியே போவதை யாரும் பேசுவதில்லை.

நம்பிக்கை: மண்ணில் இறங்கிய நீர் வடிகட்டிய நீர்.

கலங்கல் வடியும், கிருமி ஓரளவு வடியும். நைட்ரேட் வடியாது. வெங்காயப் பாத்திக்குப் போட்ட யூரியா மண்ணில் அம்மோனியமாகி, பிறகு நுண்ணுயிர்களால் நைட்ரேட் ஆகிறது. மண் துகளுக்கும் நைட்ரேட்டுக்கும் ஒரே மின்னேற்றம் என்பதால் ஒன்றையொன்று பிடித்துக்கொள்வதில்லை. அடுத்த இறைப்பிலேயே அது கீழே போய்விடும். மலக்குழிகளின் நைட்ரஜனுக்கும் இதே பாதைதான். பாஸ்பேட் வேறு ரகம். செம்மண்ணின் இரும்பும் சுண்ணாம்புக்கல்லின் கால்சியமும் அதை இறுகப் பற்றிக்கொள்ளும். ஆகவே கடலுக்குப் போய்ச் சேரும் நீரில் நைட்ரஜன் மிகுதி, பாஸ்பரஸ் குறைவு. யாழ்ப்பாணத்துத் தோட்டக் கிணறுகள் பலவற்றில் நைட்ரேட் லீட்டருக்கு 50 மில்லிகிராம் என்ற உலக சுகாதார நிறுவன வரம்பைத் தாண்டியிருப்பது பல ஆண்டுகளாகத் தெரிந்த சங்கதி. குடிப்பவர்களைப் பற்றி அக்கறைப்பட்டோம், சரிதான். கிணறு அந்த நீருக்குக் கடைசித் தரிப்பிடம் அல்ல என்பதை மறந்துவிட்டோம்.

இது கடலில் என்ன செய்யும்? அமெரிக்காவின் கேப் காட் பகுதியில் உள்ள வாக்வாய்ட் விரிகுடாவில் நடந்ததைப் பார்க்கலாம். கரையில் வீடுகள் பெருகின. அவற்றின் செப்டிக் டேங்க் நைட்ரஜன் மணலடி நீர் வழியே விரிகுடாவுக்கு வந்தது. பாசி கொழுத்தது. அதன் நிழலில் கடற்புல் படுகைகள் அழிந்தன. குழாய் எதுவும் கடலுக்குள் நீட்டியிருக்கவில்லை.

நம்பிக்கை: ஊறி வருவது எவ்வளவு வந்துவிடப் போகிறது?

வில்லார்ட் மூர் என்ற ஆய்வாளர் தென் கரோலினா கரையோரத்தில், நிலத்தடி நீர் சுமந்து வரும் ரேடியத்தை அளந்தார். ஆறுகளால் மட்டும் வந்திருக்க முடியாத அளவு ரேடியம் அங்கே இருந்தது. அப்பகுதி ஆற்றுநீரில் சுமார் 40 விழுக்காட்டுக்குச் சமமான நிலத்தடி நீர் கடலில் இறங்குகிறது என்று 1996-இல் எழுதினார். ஒரு திருத்தம் சேர்க்க வேண்டும்: இது முழுவதும் மழைநீர் அல்ல. மணலுக்குள் புகுந்து, சத்துகளைச் சுமந்து திரும்பும் கடல்நீரும் இதில் அடக்கம். நன்னீர் மட்டும் என்றால் பங்கு மிகக் குறைவு. ஆனால் அளவு குறைந்த நீரிலும் செறிவு அதிகம் என்பதால், கணக்கை லீட்டரில் போட்டால் ஏமாந்துபோவோம்.

நம்பிக்கை: அப்படியானால் கடலடி ஊற்றே கேடு.

இல்லை. யூரியா பிறப்பதற்கு முன்பே ஊற்றுகள் இருந்தன; ராமேஸ்வரத்து வில்லூண்டித் தீர்த்தம் கடலுக்குள்ளேயே சுரக்கிறது. இயற்கையான அளவில் வரும் சத்து கரையோர உயிர்களுக்குத் தீனி.

நம்பிக்கை: உரத்தைக் குறைத்தால் அடுத்த வருடமே கடல் தெளிந்துவிடும்.

மணல் நிலத்தில் நீர் ஊர்ந்து கடலுக்கு வந்து சேரப் பல பத்தாண்டுகள் ஆகலாம். அப்பன் போட்ட உரம் மகன் காலத்தில் கரைக்கு வரும். சுண்ணாம்புக்கல்லின் பொந்துகளிலோ நீர் விரைந்து ஓடும். அங்கே பாத்தியில் இன்று போட்டதில் ஒரு பங்கு, ஒரு மாரி கழிவதற்குள் கரையைத் தொட்டுவிடக்கூடும்.