இழந்த இருபக்க ஒலி
(பழைய வானொலிப் பெட்டி தரும் ஒரு விஞ்ஞான பாடம்)

நம் கல்லூரியின் பழைய மாணவர் ஒருவர் தம் முதல் வருட உழைப்பிற் சேமித்த பணத்தைக் கொண்டு, 1970களில் ஒரு வானொலிப் பெட்டியை வாங்கினார். அண்மையில் அப்பெட்டி ஸ்ரீரியோ ஒலியை இழந்துவிட்டது. இரு ஒலிபெருக்கிகளும் பாடின. ஆயின் இரண்டும் ஒன்றையே பாடின. வயலின் ஒரு பக்கமும் மிருதங்கம் மறுபக்கமுமாகக் கேட்ட இன்பம் போயிற்று. திருத்துநர் ஒருவர், “இதற்கு உறுப்புக் கிடையாது; வீசிவிடுங்கள்” என்றார். வீசுமுன் எம்மிடம் ஒருமுறை காட்ட எண்ணினார் நண்பர். அதனைச் சோதித்த முறையை மாணவர்க்குப் பயன்படுமென்று கருதி ஈண்டு எழுதுகின்றோம்.

நோயை அறியுமுன் உடலை அறிதல் வேண்டும். மீடிறன் பண்பேற்ற ஒலிபரப்பில் ஸ்ரீரியோவை அனுப்பும் முறையொன்றை அமெரிக்க அரசு 1961ஆம் ஆண்டில் அங்கீகரித்தது. இட ஒலியையும் வல ஒலியையும் தனித்தனியே அனுப்பினால், ஒற்றை ஒலிப் பெட்டி வைத்திருப்போர் பாதிப் பாட்டையே கேட்பர். ஆகவே இரண்டின் கூட்டுத்தொகை வழக்கம்போல 15 கிலோஹேட்சு வரை அனுப்பப்படுகின்றது. இரண்டின் வித்தியாசம் 38 கிலோஹேட்சை நடுவாகக் கொண்டு, 23 முதல் 53 வரை செவிக்கெட்டா உயரத்திற் செல்கின்றது. இடையே 19 கிலோஹேட்சில் மெல்லிய வழிகாட்டுத் தொனி ஒன்று செல்லும். பெட்டி அத்தொனியைக் கண்டால் விளக்கை ஏற்றி, வித்தியாசத்தை மீட்டெடுக்கும். கூட்டுத்தொகையோடு வித்தியாசத்தைக் கூட்டினால் இடமும், கழித்தால் வலமும் கிடைக்கும். கீழ்வகுப்பு அட்சரகணிதமே இங்கு வேலை செய்கின்றது!

எனவே ஸ்ரீரியோ போயிற்றெனின், தொனி வரவில்லை, அல்லது வந்தும் அறியப்படவில்லை, அல்லது பிரித்த ஒலிகள் பின்னர் மீண்டும் கலந்துவிட்டன என்பதே பொருள். இம்மூன்றையும் எளியதிலிருந்து அரியதை நோக்கி ஆராய வேண்டும்.

முதலாவது, குற்றம் ஒலிபரப்பிலா என்று பார்த்தோம். வேறு நிலையங்களைத் திருப்பியும் விளக்கு எரியவில்லை. அதே நிலையம் வேறொரு பெட்டியில் ஸ்ரீரியோவாகக் கேட்டது.

இரண்டாவது, வானலைக் கம்பி. ஒற்றை ஒலி தெளிவாயிருப்பதால் அலை போதுமென்று முடிவு செய்தலாகாது. ஸ்ரீரியோவில் இரைச்சல் ஏறக்குறைய 20 டெசிபெல் மிகும். ஆதலின் அதற்கு வலிய அலை வேண்டும். கட்டடங்களிற் பட்டுத் தெறித்து வரும் அலையும் தொனியைக் குலைக்கும். நல்ல கம்பியை உயரத்திற் கட்டினோம், பயனில்லை.

மூன்றாவது, விளக்கு. மின்குமிழ் மட்டும் எரிந்துபோய், ஒலி செம்மையாயிருத்தலும் உண்டு. ஒற்றை ஒலி ஆளியை மாற்றி மாற்றிக் கேட்டோம், சிறிதும் வேற்றுமையில்லை. ஆகவே குமிழ் குற்றவாளியன்று.

நான்காவது, ஆளிகள். தொடுமுனையிற் படியும் கறை இரு வழிகளையும் கெடுக்கும். மின்னிணைப்பை அகற்றியபின், தொடுமுனைக்குரிய திரவம் இட்டுப் பலமுறை அசைத்தோம். பின்னர் ஒலிநாடாக் கருவியைப் பொருத்தினோம். அது இருபக்கமும் பிரிந்து ஒலித்தது! பெருக்கியும் ஆளியும் நலமே. வானொலிப் பகுதியிலேதான் நோய் என்பது உறுதியாயிற்று.

எஞ்சியது பிரிப்புச் சுற்று. அப்பெட்டியில் இருந்தது எம். சி. 1310 வகையைச் சேர்ந்த சில்லு. அதனுள் 76 கிலோஹேட்சில் அதிரும் அலையம் ஒன்றுண்டு. அதனை நான்கால் வகுக்க வரும் 19, வழிகாட்டுத் தொனியோடு ஒத்து நடக்க வேண்டும். வெளியேயுள்ள தடையும் கொள்ளளவியும் முதுமையால் மாற, அலையம் தொனியைப் பற்ற இயலாது விலகிவிடும். சில்லுக்கு வரும் வோல்ற்றளவு சரியாயிருந்தது. சிறு மாறுந்தடையின் பழைய நிலையை மையாற் குறித்துக்கொண்டு, நிலையமொன்று தெளிவாக ஒலிக்கையில், உலோகமல்லாத திருப்புளியால் மெல்லத் திருப்பினோம். விளக்கு எரிந்தது! அது எரியத் தொடங்கும் எல்லையையும் அணையும் எல்லையையும் கண்டு, நடுவில் நிறுத்தினோம். செலவு ஒரு சதமும் இல்லை.

இளைஞர்க்கு இரண்டு எச்சரிக்கைகள். இணைப்பைக் கழற்றிய பின்னரும் பெரிய கொள்ளளவிகளில் மின் தங்கியிருக்கும். ஆதலின் ஆசிரியர் அருகிலின்றி மூடியைத் திறவாதீர். சுருளுடைய மிகப் பழைய பெட்டிகளிற் கருவியின்றித் திருகாணிகளைத் தொடாதீர். உள்ளிருக்கும் காந்தக்கரு உடைந்தால் மீளாது.

அன்று மாலை நண்பர் கண்களை மூடிக் கேட்டிருந்தார். இடப்புறம் வயலின், வலப்புறம் மிருதங்கம். திருத்துநர் பொய் சொன்னாரல்லர், சோதியாது சொன்னார். முதலிற் சோதனை, பின்னர் முடிவு என்று ஆய்வுகூடத்தில் யாம் கற்ற விதி, ஒரு பெட்டியை மட்டுமன்றி ஒரு மனிதனின் இளமை நினைவையும் காத்தது. இனிக் குப்பைக்குப் போகவிருக்கும் பொருளொன்றைக் காணும்போது, நம் மாணவர் அவ்விதியை ஒருமுறை நினைப்பாராக.