படித்த புத்தகம்: வைப்பதா, கொடுப்பதா?

கேள்வி: படித்து முடித்த புத்தகங்களில் எவற்றை வைத்துக்கொள்ளலாம், எவற்றைக் கொடுத்துவிடலாம்?

பதில்: மறுபடி கிடைக்குமா என்பதைத்தான் முதலில் பார்க்க வேண்டும். ‘பொன்னியின் செல்வன்’ நாட்டுடைமையான நூல்; பல பதிப்பகங்கள் அச்சிடுகின்றன. தயங்காமல் கொடுக்கலாம். அதே நாவல் 1950 முதல் 1954 வரை ‘கல்கி’யில் தொடராக வந்தபோது வாராவாரம் கிழித்துச் சேர்த்து பைண்டு செய்த தொகுப்பு என்றால் அதைக் கைவிடவே கூடாது. மணியத்தின் படங்களும் பக்கத்து விளம்பரங்களும் துணுக்குகளும் அந்தத் தாள்களோடுதான் இருக்கின்றன. சிறு பதிப்பகம் ஒரே பதிப்போடு நிறுத்திவிட்ட கவிதைத் தொகுப்பு, ஊர் வரலாறு, கோயில் மலர் ஆகியவையும் இந்த வகையே.

வைத்திருப்பது என்றால் பராமரிப்பதும் சேர்ந்ததுதான். ஈரச் சுவரை ஒட்டி அடுக்கினால் செல்லரிக்கும். பெட்டியில் போட்டு மறந்தால் இராமபாணப் பூச்சி துளைக்கும். இடமோ நேரமோ இல்லாதவர் அரிய நூல்களை ஆய்வு நூலகத்திடம் ஒப்படைப்பதே நல்லது. கோட்டையூர் ரோஜா முத்தையா சேர்த்தவை 1992இல் அவர் மறைந்த பிறகும் சிதறவில்லை. அவற்றைக் கொண்டே சென்னையில் அவர் பெயரில் ஆராய்ச்சி நூலகம் உருவானது.

தேர்வுக் கையேடு, பாடநூல் போன்றவற்றை அடுத்த மாணவருக்கு உடனே கொடுத்துவிட வேண்டும். பாடத்திட்டம் மாறினால் யாருக்கும் பயன்படாது. கிளை நூலகத்துக்குத் தருபவர்கள், தேவை என்ன என்று நூலகரிடம் முதலில் கேட்டுக்கொள்ளுங்கள். எடைக்குப் போடுவது கடைசி வழியாக இருக்கட்டும்.