கொடுவாள் ஏன் உடைந்தது?



சில ஆண்டுகளுக்கு முன் என் வகுப்பு மாணவன் ஒருவன் செய்தித்தாளில் சுற்றிய ஒரு பொருளைக் கொண்டுவந்து என் மேசைமேல் வைத்தான். பிரித்துப் பார்த்தேன். இரண்டு துண்டாக உடைந்த ஒரு கொடுவாள்! அவனுடைய தந்தை இராசிபுரம் பக்கத்துச் சிற்றூர் ஒன்றில் கொல்லுப்பட்டறை வைத்திருப்பவர். அவர் அடித்துக் கொடுத்த கொடுவாள்தான் அது. வாங்கிச் சென்ற உழவர் சீமைக் கருவேல மரத்தை வெட்டும்போது அலகு உடைந்து, ஒரு துண்டு தெறித்து அவர் புருவத்தைக் கிழித்துவிட்டது. ஒரு விரற்கடை கீழே பட்டிருந்தால் கண் போயிருக்கும்.

"ஐயா, அப்பா இரண்டு நாளாகப் பட்டறையைத் திறக்கவில்லை. முப்பது வருசமா அடிக்கிறேன், எங்கே தப்புப் பண்ணினேன்னு தெரியலையேன்னு சொல்லிக்கொண்டே இருக்கிறார். நீங்கள்தான் பார்த்துச் சொல்ல வேண்டும்" என்றான்.

எனக்கும் உடனே விடை தெரியவில்லை. வேலையைக் கண்ணால் பார்க்காமல் விடை சொல்லக் கூடாது என்று, அடுத்த ஞாயிற்றுக்கிழமை பட்டறைக்கே போனேன். அங்கே கண்டதையும் கற்றதையும் உங்களுக்குச் சொல்கிறேன்.

இரும்பும் கரியும்

முதலில் ஒரு கேள்வி. இரும்புக்கும் எஃகுக்கும் என்ன வேறுபாடு? சிறிதளவு கார்பன், அவ்வளவுதான். தூய இரும்பு மென்மையானது. அதில் கத்தி செய்தால் கூர் மடங்கிவிடும். நூற்றில் அரைப் பங்கு முதல் ஒரு பங்கு வரை கார்பன் சேர்ந்தால் அது கத்திக்கு ஏற்ற எஃகு ஆகிறது. நூற்றில் மூன்று, நான்கு பங்கு என்று மிகுந்துவிட்டால் வார்ப்பிரும்பாகி, சம்மட்டியால் அடித்தால் நொறுங்கிவிடும்.

இந்தக் கணக்கைச் சேலம் வட்டாரத்துக் கொல்லர்கள் வேதியியல் நூல் எதுவும் இல்லாமலே அறிந்திருந்தார்கள். சேலத்தை அடுத்த கஞ்சமலையில் மாக்னடைட் என்னும் இரும்புத் தாது குவார்ட்சுடன் கலந்து கிடைக்கிறது. அதை இடித்துப் புடைத்துக் கழுவி, களிமண் உலையில் மரக்கரியோடு இட்டு, ஆட்டுத்தோல் துருத்தியால் ஊதி இரும்பாக்கினர். கிழக்கிந்தியக் கம்பெனியில் பணியாற்றிய ஜோசையா மார்ஷல் ஹீத் என்பவர் 1839இல் வெளியான தம் கட்டுரையில் அடுத்த கட்டத்தை விவரிக்கிறார். இரும்புத் துண்டுகளோடு அவற்றின் எடையில் பத்தில் ஒரு பங்கு ஆவாரஞ் சுள்ளிகளைச் சிறு மண் மூசையில் இட்டு, மேலே எருக்கு போன்ற செடியின் பச்சிலையை வைத்து, வாயைக் களிமண்ணால் அடைத்து, இருபதுக்கு மேற்பட்ட மூசைகளை ஒரே உலையில் அடுக்கி இரண்டரை மணி நேரம் ஊதுவார்களாம்.

ஆவாரஞ் சுள்ளி எதற்கு? அது கரியாகி இரும்புக்குக் கார்பனைத் தருகிறது. தூய இரும்பு உருக 1538 டிகிரி செல்சியஸ் வேண்டும். மண் உலைக்கு அது எளிதல்ல. கார்பன் சேரச் சேர உருகுநிலை இறங்குகிறது. உப்பைச் சேர்த்தால் பனிக்கட்டியின் உருகுநிலை இறங்குவதுபோலத்தான் இதுவும். கொல்லர் ஒருவரின் மகனான மைக்கேல் பாரடே தம் இளமையில், 1819இல், இந்திய எஃகை ஆராய்ந்து கட்டுரை எழுதினார் என்பது உங்களுக்கு வியப்பாக இருக்கும்.

இன்று அந்த மண் உலைகள் இல்லை. கஞ்சமலை அடிவாரத்தில் சேலம் உருக்காலை இருக்கிறது. அது துருப்பிடிக்காத எஃகுத் தகடு செய்கிறது. அப்படியானால் நம் கொல்லருக்கு எஃகு எங்கிருந்து வருகிறது? நாமக்கல்லிலிருந்து! ஆம், லாரித் தொழில் கொழிக்கும் அவ்வூரில் கழித்துப் போடும் ஸ்பிரிங் பட்டைகளே இப்போது கொடுவாளாகவும் கத்தியாகவும் மாறுகின்றன.

நிறமே வெப்பமானி

பட்டறைக்குள் நுழைந்ததும் கண் தெரியவில்லை; அவ்வளவு இருட்டு. "ஒரு சன்னல் வைக்கக் கூடாதா?" என்றேன். பெரியவர் சிரித்தார். "வெளிச்சத்தில இரும்போட நெறம் தெரியாதுங்க சார்" என்றார்.

எவ்வளவு சரியான விடை! சூடேறிய பொருள் ஏறத்தாழ 525 டிகிரியில்தான் மங்கிய சிவப்பாகக் கண்ணுக்குத் தெரியத் தொடங்கும். ஏறக்குறைய 800 டிகிரியில் நல்ல சிவப்பு; 1000 டிகிரிக்கு மேல் ஆரஞ்சு, மஞ்சள். சூடு ஏற ஏற ஒளிவீச்சு குறைந்த அலைநீளத்துக்கு நகர்கிறது என்று நீங்கள் மேல்வகுப்பில் படிப்பீர்கள். அதே இரும்பு வெயிலில் கறுப்பாகத் தோன்றும். மேலும் சுட்டுக் கெடுத்துவிடுவோம். இருட்டுப் பட்டறை அவருடைய ஆய்வுக்கூடம்.

பட்டையை ஆரஞ்சு நிறத்துக்குக் காய்ச்சி, குறட்டில் பிடித்து, பட்டறைக்கல்மேல் வைத்துச் சம்மட்டியால் அடித்து வடிவாக்கினார். சிவப்பு மங்கியதும் அடிப்பதை நிறுத்தி மீண்டும் உலையில் வைத்தார். மங்கிய பின்னும் அடித்தால் இரும்பு விரிசல் விடும்.

தோய்ச்சல்

வடிவம் வந்தால் கத்தி ஆகிவிடாது. இனிமேல்தான் உயிரான வேலை. அதைக் கொல்லர்கள் தோய்ச்சல் என்பார்கள்.

இரும்பின் அணுக்கள் குளிர்ந்த நிலையில் ஒரு விதமாகவும், சிவக்கக் காய்ந்த நிலையில் வேறு விதமாகவும் அடுக்கப்பட்டிருக்கின்றன. எஃகில் இந்த மாற்றம் 727 டிகிரியில் தொடங்குகிறது. சூடான அடுக்கில் கார்பன் அணுக்கள் நுழைய இடம் உண்டு. குளிர்ந்த அடுக்கில் அநேகமாக இடமே இல்லை. மெதுவாகக் குளிர்ந்தால் கார்பன் அணுக்கள் சாவகாசமாக வெளியேறித் தனியே சேர்ந்துகொள்ளும், எஃகு மென்மையாகும். சட்டென்று குளிர்வித்தால்? வெளியேற நேரமின்றிச் சிக்கிக்கொண்டு அடுக்கையே பிதுக்கி இறுக்கிவிடும். அந்த இறுகிய நிலைக்கு, ஜெர்மானிய அறிஞர் மார்ட்டென்ஸ் பெயரால், மார்ட்டென்சைட் என்று பெயர். அது மிகக் கடினமானது. அரம் வைத்தால் தேயாமல் வழுக்கும். ஆனால் கண்ணாடிபோல உடையும்.

ஆகவே சற்று இளக்க வேண்டும். பெரியவர் அலகின் விளிம்பை மட்டும் தண்ணீரில் தோய்த்து எடுத்து, கல்லில் தேய்த்துப் பளபளப்பாக்கிக் காத்திருந்தார். முதுகுப்பக்கம் மிச்சமிருந்த சூடு விளிம்பை நோக்கி ஓடியது. அதோடு நிறங்களும் ஓடிவந்தன: வைக்கோல் மஞ்சள், பழுப்பு, ஊதா, நீலம். வைக்கோல் மஞ்சள் ஏறத்தாழ 220 டிகிரி, பழுப்பு 255, ஊதா 280, நீலம் 300. இவை ஒளிரும் நிறங்கள் அல்ல. இரும்பின்மேல் படரும் மெல்லிய ஆக்சைடு ஏட்டில் ஒளி குறுக்கிடுவதால் தோன்றுபவை. சோப்புக் குமிழியிலும் மழைநீரில் மிதக்கும் எண்ணெயிலும் நீங்கள் காணும் அதே விந்தைதான். ஊதா விளிம்பைத் தொட்டதும் முழுதும் தண்ணீரில் அமிழ்த்தினார். பதம் முடிந்தது.

உடைந்த முகம் சொன்ன சாட்சி

வேலையில் குறை ஒன்றும் தெரியவில்லை. அப்படியானால் கொடுவாள் ஏன் உடைந்தது?

உடைந்த முகத்தை உருப்பெருக்கும் கண்ணாடியால் பார்த்தோம். பெரும்பகுதி புதிதாக உடைந்த சாம்பல் நிறம். ஆனால் விளிம்பையொட்டி நகக்கண் அளவுக்கு ஒரு பகுதி மட்டும் ஊதாவும் பழுப்புமாக இருந்தது.

மாணவர்களே, சற்று நின்று யோசியுங்கள். அந்த நிறம் அங்கே எப்படி வந்தது?

நிறம் படர வேண்டுமானால், அவ்விடம் காற்றுப் படும்படி திறந்திருந்த நிலையில் சூடேறியிருக்க வேண்டும். எனவே விரிசல், உழவர் கைக்குப் போகும் முன்பே இருந்தது. லாரியிலேயே பட்டை விரிசல் விட்டிருக்குமோ? அப்படியானால் உலையில் பலமுறை காய்ந்து, விரிசலுக்குள் கனத்த கறுப்புச் செதில் படிந்திருக்கும். இங்கே இருந்ததோ பதம் பார்க்கும்போது வரும் மெல்லிய நிறம். ஆகவே விரிசல் பிறந்த நேரம் ஒன்றே: தண்ணீரில் தோய்த்ததற்கும் நிறம் ஓடியதற்கும் இடைப்பட்ட சில நொடிகள்!

தண்ணீரில் என்ன நடந்தது? எஃகு மார்ட்டென்சைட்டாக மாறும்போது சற்றுப் பருக்கிறது. மேற்பரப்பு முதலில் மாறி இறுகிவிடுகிறது. பிறகு உட்பகுதி மாறிப் பருக்கும்போது இறுகிய தோலைப் பிளக்கப் பார்க்கிறது. முன்பெல்லாம் பெரியவர் பழைய அரங்களையும் கடப்பாரைத் துண்டுகளையும்தான் அடித்துவந்தார். அவை வெறும் கார்பன் எஃகு. தண்ணீரின் வேகம் அவற்றுக்குத் தேவை. ஸ்பிரிங் பட்டையில் கார்பனோடு சிலிக்கான், மாங்கனீசு போன்றவையும் உண்டு. அவை மென்மையான நிலைக்குத் திரும்புவதைத் தாமதப்படுத்துகின்றன. ஆகவே அது எண்ணெயில் தோய்த்தாலே இறுகும். தண்ணீரோ ஆழம்வரை இறுக்கிப் பிளந்துவிடக் கூடும்.

"பட்டையிலயும் எத்தனையோ அடிச்சிருக்கேனுங்க. எல்லாம் உடையலையே?" என்றார். நியாயமான கேள்வி. "அன்றைக்குத் தண்ணீர் எப்படி இருந்தது?" என்று கேட்டேன். மார்கழி விடியல், தொட்டித் தண்ணீர் சில்லென்று இருந்ததாம். விளிம்பில் இருந்த ஏதோ ஒரு சிறு கீறலும் சேர்ந்திருக்கலாம்.

ஒரே பட்டையில் ஆறு அலகுகள் அடித்தார். மூன்றைத் தண்ணீரிலும் மூன்றை இளஞ்சூடான எண்ணெயிலும் தோய்த்தார். எண்ணெயில் தோய்த்தவற்றின் முதுகைப் பழுக்கக் காய்ச்சிய இரும்புக் கட்டைமேல் வைத்து நிறம் பார்த்தார். பிறகு ஆறையும் மண்ணெண்ணெயில் ஊறவைத்துத் துடைத்து, சாக்பீஸ் தூளைப் பூசினோம். தண்ணீரில் தோய்த்த ஒன்றில் மட்டும் தூளின்மேல் மயிரிழை போல ஈரக்கோடு ஒன்று மெல்ல எழுந்தது. விரிசல்!

ஆறு அலகு ஒரு பெரிய நிரூபணம் அல்ல. அதை அவரிடமும் சொன்னேன். அவர் அந்த அலகை வெகுநேரம் கையில் வைத்துப் பார்த்துக்கொண்டிருந்தார். பின்னர், "இத்தனை நாள் நான் இரும்பை மாத்திட்டு, தண்ணிய மாத்தலீங்க" என்றார். எனக்குத் தெரிந்த எந்த நூலும் இதைவிடச் சுருக்கமாகச் சொன்னதில்லை. மறுநாள் பட்டறை திறந்தது. விற்பதற்கு முன் சாக்பீஸ் தூள் பூசிப் பார்ப்பது இப்போது அங்கே வழக்கம்.

செய்து பாருங்கள்

ஆசிரியர் உடனிருக்கும்போது மட்டும், கண்ணாடி அணிந்து, ஆய்வுக்கூடத்தில் செய்யுங்கள். மூன்று தையல் ஊசிகளை எடுத்துக்கொள்ளுங்கள். இடுக்கியில் பிடித்து மூன்றையும் புன்சன் சுடரில் சிவக்கக் காய்ச்சுங்கள். முதல் ஊசியைச் சுடரிலிருந்து மிக மிக மெதுவாக மேலே தூக்கிக் குளிரவிடுங்கள். மற்ற இரண்டையும் சட்டென்று தண்ணீரில் போடுங்கள். அவற்றில் ஒன்றை உப்புத்தாளால் தேய்த்து, இரும்புத் தட்டில் சூடாக்கிய மணல்மேல் வைத்து நீலநிறம் வந்ததும் எடுத்துவிடுங்கள். இப்போது மூன்றையும் துணியில் சுற்றி, இடுக்கியால் வளைத்துப் பாருங்கள். எது மடங்குகிறது? எது ஒடிகிறது? எது வளைந்து மீள்கிறது?

ஒரே எஃகு, மூன்று குணம்! காரணத்தை நீங்களே எழுதுங்கள். உங்கள் ஊரில் கொல்லுப்பட்டறை இருந்தால் ஒருநாள் போய், வாசலில் நின்று, கேட்டுவிட்டு உள்ளே செல்லுங்கள். இருட்டாக இருக்கிறதே என்று மட்டும் சொல்லாதீர்கள்.